சீ... இதையா சாப்பிடுறாங்க?

குட்டீஸ், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலத்தைக் கண்ணுக்குள் கொண்டு வாருங்கள். ஊர், தேனி மாவட்டத்துக் கடமலைக்குண்டு. தேனியில் வருசநாடு பஸ் ஏறினால் வழியில் வருகிற ஊர். பக்கத்திலேயே மூல வைகை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மண் வாசனை இன்னும் அடங்கவில்லை. தெருவிளக்கைச் சுற்றி ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று ஈசல் மொய்க்க ஆரம்பிக்கிறது.

உங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தால் என்ன செய்வீர்கள்? "அம்மா... ஈசல்!" என்று ஒரு கத்து. லைட்டை அணை, ஜன்னலைச் சாத்து என்று ஒரே களேபரம். காலையில் எழுந்து பார்த்தால் தரை முழுக்க உதிர்ந்த சிறகு. விளக்குமாற்றால் கூட்டினால் அது பாட்டுக்குப் பறக்கும்!

ஆனால், தென் மாவட்டத்துக் கிராமங்களில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகளிடம் ஈசல் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆமாம், அவர்களுக்கு அது தின்பண்டம்!

"சீ..." என்று முகத்தைச் சுளிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள், நீங்களே பூச்சி சமாசாரம் தின்றிருக்கிறீர்கள் என்று காட்டிவிடுகிறேன்.

புற்றுக்குள் இருந்து ஒரு பலகாரம்

ஈசல் என்பது தனிப் பூச்சி இல்லை. புற்றுக்குள் இருக்கும் கறையானுக்குச் சிறகு முளைத்தால் அதுதான் ஈசல். கறையானை 'வெள்ளை எறும்பு' என்று சிலர் சொல்வார்கள். ஆனால் எறும்புக்கும் அதற்கும் சொந்தம் கிடையாது. அதன் உண்மையான சொந்தக்காரர் யார் தெரியுமா? கரப்பான்பூச்சி! (இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.)

மழை பெய்து மண் நன்றாக நனைந்ததும் புற்றிலிருந்து ஈசல்கள் மொத்தமாகக் கிளம்பும். 'புற்றீசல் போல' என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அது இதைத்தான். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. காகம், கரிச்சான், தவளை, பல்லி, ஓணான் என்று ஊரே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். எத்தனை தின்றாலும் கொஞ்சமாவது தப்பிக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கூட்டத்தில் மனிதர்களும் சேர்ந்துகொண்டார்கள். புற்றுக்குப் பக்கத்தில் சின்னதாகக் குழி வெட்டுவார்கள். அதில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றுவார்கள். புற்றின் வாயிலிருந்து குழிவரை துணியாலோ, இலைதழையாலோ மூடிவிடுவார்கள். வெளியே வரும் ஈசல் வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்து குழியில் விழும். விடிவதற்குள் ஒரு பானை நிறைந்துவிடும்.

மறுநாள் வெயிலில் காயவைத்து, கையால் கசக்கி, முறத்தில் இட்டுப் புடைத்தால் சிறகெல்லாம் பறந்துவிடும். மண்சட்டியைக் காயவைத்து வறுக்க வேண்டியதுதான். எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஈசலின் உடம்பிலேயே கொழுப்பு நிறைய இருப்பதால், சட்டி சூடானதும் அதுவே மினுமினுவென்று வறுபடும். பொரித்த அரிசி, வறுத்த நிலக்கடலை, உப்பு, கொஞ்சம் மிளகாய்ப் பொடி சேர்த்தால் மாலை நேரத்துக்கு மொறுமொறு தீனி. தின்றவர்கள் கிட்டத்தட்ட நிலக்கடலை மாதிரியே இருக்கும் என்கிறார்கள். கொழுப்பும் புரதமும் சேர்ந்தே கிடைப்பதால் வயிற்றுக்கும் உடம்புக்கும் தெம்புதான். ஆனால் ஆசைப்பட்டு அள்ளித் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும் என்று பாட்டிகள் எச்சரிப்பதும் உண்டு.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர் என்ன சொல்கிறார் தெரியுமா? தன் நண்பன் பாரியின் பறம்பு நாட்டை நினைத்து ஏங்கும்போது, மழைக்காலத்தில் அங்கே கிடைத்த சாப்பாட்டையும் நினைக்கிறார். செம்மண் புற்று ஈசலையும் மோரையும் சேர்த்துச் செய்த புளிப்பான உணவு அது! முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் ஊரில் ஈசல் குழம்பு. போரில் பாரி இறந்து, நாடும் போன பிறகு பாடிய பாட்டு. அழுகை வருகிற நேரத்தில் கபிலருக்கு நினைவு வந்தது அரண்மனையோ யானையோ மட்டும் இல்லை. மழைக்காலத்து ஈசல் புளிப்பும்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. மேலே சொன்ன ஈசல் வறுவலை மறுபடி பாருங்கள். அந்தத் தட்டில் 'அந்நியர்' யார்? ஈசலா? அதுதான் இல்லை! ஈசல் இரண்டாயிரம் ஆண்டாக நம்ம ஊர்ச் சாப்பாடு. நிலக்கடலையும் மிளகாயும்தான் வெளியூர்க்காரர்கள். இரண்டும் தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர்கள் மூலமாகத்தான் மிளகாய் நம்மிடம் வந்தது. கபிலருக்கு மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் இன்றைக்கு நம் வீட்டுக்கு வந்து, தட்டில் சிவப்பாக ஒரு காயைப் பார்த்துக் கடித்து வைத்தால்... "சீ, இதையா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும் முறை அவருடையது!

ஈசலுக்கு ஆயுசு ஒரே நாள் என்று சொல்லுவார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. பறந்தவற்றில் பெரும்பாலானவை அன்றே செத்துப்போவது நிஜம். ஆனால் தப்பித்த ஒரு ஜோடி, சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து புதுப் புற்றைத் தொடங்கும். அந்த ராஜாவும் ராணியும் பல ஆண்டுகள் வாழ்வார்கள். ராணி தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும்.

ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் புற்றைத் தோண்டக் கிளம்பிவிடாதீர்கள். கறையான் இருக்கும் புற்றில் பாம்பும் இருக்கலாம். தோட்டத்துப் புற்றுகளில் கறையான் மருந்து அடித்திருப்பார்கள். இன்னொன்று, இறால் தின்றால் உடம்பு தடிக்கிறவர்களுக்கு ஈசலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஏனென்றால் இறாலும் பூச்சியும் நெருங்கிய உறவு. இரண்டும் கணுக்காலிகள்.

அட, இப்போது யோசியுங்கள். இறால் தொக்கு என்றால் நம்மில் பலர் தட்டை வழித்து நக்குவோம். கடலில் இருந்தால் இறால், மண்ணில் இருந்தால் பூச்சி. ஒன்று விருந்து, இன்னொன்று அருவருப்பு. இதை யார் முடிவு செய்தது?

நீங்களும் தின்றிருக்கிறீர்கள்!

ஒடிசா மாநிலத்தின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் மரத்தில் கூடு கட்டும் சிவப்பு எறும்பைப் பிடித்து, முட்டையோடு சேர்த்து இஞ்சி, பூண்டு, மிளகாய், உப்பு வைத்து அம்மியில் அரைத்துத் துவையல் செய்கிறார்கள். நம்ம ஊர் மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டி, ஏறுகிறவர்களைக் கடித்துத் துரத்துகிறதே, அதே எறும்புதான். அதன் உடம்பில் இருக்கும் அமிலம்தான் துவையலுக்குப் புளி. அந்தத் துவையலுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்த அதே மரியாதை! திராட்சையும் எறும்பும் ஒரே பட்டியலில்.

உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 200 கோடிப் பேரின் வழக்கமான உணவில் பூச்சிக்கும் இடம் உண்டு என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தின்னப்படும் பூச்சி வகைகள் மட்டும் 1,900க்கு மேல்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பளபளவென்று மேல்பூச்சு உள்ள மிட்டாய், சாக்லேட் பொத்தான் எல்லாம் தின்றிருப்பீர்கள். அடுத்த முறை அந்தப் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 904 என்ற எண் இருக்கிறதா? அது அரக்கு! மரக்கிளையில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் அரக்குப் பூச்சியின் உடம்பிலிருந்து சுரப்பது. கிளையிலிருந்து சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்து, மெல்லிய பூச்சாக மிட்டாய்க்கு மேலே தடவுகிறார்கள். நம் நாட்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில்தான் அரக்கு அதிகம் கிடைக்கிறது. பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகையும் இந்தச் சரக்கில்தான்!

தேன் எப்படி? "தேன் நல்லதுதானே" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அது எப்படி உண்டாகிறது? தேனீ பூவில் உறிஞ்சிய மதுவைத் தன் வயிற்றில் இருக்கும் ஒரு தனிப் பையில் நிரப்பிக்கொண்டு கூட்டுக்கு வரும். அங்கே அதைக் கக்கி இன்னொரு தேனீயின் வாயில் ஊட்டும். அது இன்னொன்றுக்கு. இப்படி வாய்க்கு வாய் மாறி, பிறகு அறையில் ஊற்றி, சிறகால் விசிறி விசிறித் தண்ணீரை வற்றவைத்தால் தேன். சுத்தமாகச் சொன்னால், பூச்சி கக்கியது!

அதைவிட ஒரு படி மேலே போனவர்கள் சீனர்கள். உழவாரன் குருவிகளில் ஒரு வகை, குகைச் சுவரில் தன் எச்சிலாலேயே கூடு கட்டும். எச்சில் காற்று பட்டு இறுகிவிடும். குச்சியோ புல்லோ கிடையாது, எல்லாம் எச்சில். அந்தக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து சூப் வைக்கிறார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நம் அந்தமான், நிகோபார் குகைகளிலும் இந்தக் குருவி உண்டு. கூட்டுக்காகவே கொள்ளையடித்ததில் குருவிகள் வேகமாகக் குறைந்தன. கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்து விஞ்ஞானிகளும் அந்தமான் வனத்துறையும் சேர்ந்து குகைகளுக்குக் காவல் போட்டு, அவற்றைப் பெருக்கும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று.

வாழ்நாளில் ஒரு தடவை விளையும் அரிசி

கடமலைக்குண்டிலிருந்து மலையைப் பார்த்தால் தெரிகிற காடுகள் வருசநாடு, மேகமலைக் காடுகள். 2021 முதல் இவை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். இந்த மலைகளில் பளியர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வள்ளிக்கிழங்கு வகைகளைக் கூர்மையான கோலால் தோண்டி எடுப்பதிலும், பாறையில் தொங்கும் மலைத்தேன் எடுப்பதிலும் கெட்டிக்காரர்கள். காட்டுக் கிழங்கில் எல்லாம் ஒன்று போல இருக்காது. சிலவற்றைச் சுட்டு அப்படியே தின்னலாம். சிலவற்றில் கசப்பும் நஞ்சும் இருக்கும். எதைச் சுடுவது, எதை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு வேகவைப்பது, எதன் பக்கமே போகக்கூடாது என்ற படிப்பு பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. அம்மா, பாட்டியோடு காட்டுக்குள் நடந்துதான் படிக்க வேண்டும். அந்த நடை நின்றுபோனால் படிப்பும் போயிற்று. எழுதிவைத்த புத்தகம் கிடையாது.

காட்டு உணவிலேயே அதிசயம் மூங்கில் அரிசி. மூங்கில் ஒரு புல் வகை. நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் நெல் போல வருஷா வருஷம் பூக்காது. நம் மலைகளில் இருக்கும் முள் மூங்கில் பூக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பூத்தால் ஒரு பகுதியில் இருக்கும் மூங்கில் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். நெல் போன்ற விதையை உதிர்க்கும். அப்புறம்? மொத்தமாகச் செத்துப்போகும்! உங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை பொறுக்கியிருப்பார். அடுத்த தடவை அவர் பேரன்தான் பொறுக்க முடியும். இதுவும் கபிலருக்குத் தெரியும். பாரியின் மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகள் என்று அவர் சொல்வதில் முதலாவது மூங்கில் நெல். மற்றவை பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பளியர்களின் கூடையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது, இல்லையா?

இந்த அரிசி ஒரு மாநிலத்தையே ஆட்டிவைத்த கதையும் உண்டு. வடகிழக்கில் மிசோரம் இருக்கிறதே, அங்கே ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். காடு முழுவதும் காய் உதிர்ந்தால் எலிகளுக்குக் கொண்டாட்டம். தின்று தின்று குட்டி போடும். காய் தீர்ந்ததும் அந்த எலிப்பட்டாளம் அப்படியே நெல் வயலில் இறங்கும். ஒரே ராத்திரியில் வயல் மொட்டை. 1959இல் இப்படித்தான் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. முன்கூட்டியே எச்சரித்தும் அரசு சரியாக உதவவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய சங்கமே அரசியல் கட்சியாகி, 1966இல் ஆயுதப் போராட்டத்தில் இறங்கியது. சமாதான ஒப்பந்தம் வர 1986 ஆகிவிட்டது. எல்லாம் ஒரு மூங்கில் பூவில் ஆரம்பித்தது! 2006, 2007இல் மறுபடி பூத்தபோது முன்கூட்டியே தயாராகி, பிடித்த எலியின் வாலைக் கொண்டு வந்து காட்டினால் காசு என்றுகூட அறிவித்தார்கள்.

விஷத்தைச் சாப்பிடுவது எப்படி?

இதைக் கேளுங்கள். நாம் சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு பொருளில் சயனைடு விஷம் உண்டாகும். பயப்படாதீர்கள், மரவள்ளிக் கிழங்குதான். குச்சிக்கிழங்கு என்றும் சொல்வோம். பச்சையாகக் கடித்தால் ஆபத்து. தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷமும் போய்விடும். பாயசத்து ஜவ்வரிசியும் இதே கிழங்கின் மாவுதான்.

இதுவும் தென் அமெரிக்கச் சரக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. ஏழைகள் பசியாற ஒரு கிழங்கு என்று நினைத்தார். 1942இல் இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அப்போது கேரளாவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கை நம்பித்தான்.

ஜப்பானியர்களோ விஷத்தோடு விளையாடுகிறவர்கள். பேத்தை மீன் தெரியுமா? தொட்டால் பலூன் மாதிரி உப்பும். நம் மீனவர்கள் வலையில் மாட்டினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. ஆனால் ஜப்பானில் அதுதான் பெரிய விருந்து! அதைச் சமைக்கத் தனியாகப் பயிற்சி பெற்று லைசென்ஸ் வாங்க வேண்டும். கார் ஓட்ட லைசென்ஸ் மாதிரி மீன் வெட்ட லைசென்ஸ்.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு வேறு வழி. அவர்கள் கடலில் கிடைக்கும் ஒரு பெரிய சுறாவின் இறைச்சி புதிதாக இருந்தால் நஞ்சு, அழுகினால் உணவு! சில வாரம் புதைத்துவைத்து, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத் தின்கிறார்கள். நாற்றம் கழிவறையை ஞாபகப்படுத்தும் என்கிறார்கள். நமக்கு நம்ம கருவாடே போதும்!

பல்பம் தின்கிற ஆள் யார்?

இந்த இடத்தில் சில பேர் தலையைக் குனிந்துகொள்வீர்கள் என்று தெரியும். சிலேட்டுக் குச்சி, பல்பம், சாக்பீஸ், சுவரில் பெயர்ந்த காரை... ரகசியமாகத் தின்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் ஒருவராவது உண்டு. மண் தின்ற கண்ணன் கதை நமக்குத் தெரியும். உலகத்தில் பல நாடுகளில் மண் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹைட்டி நாட்டில் களிமண்ணோடு உப்பும் கொழுப்பும் சேர்த்து வெயிலில் காயவைத்து வில்லைகளாக விற்கிறார்கள்.

இது திருட்டுத்தனமும் இல்லை, கெட்ட புத்தியும் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தவர்களுக்கு இப்படி மண், சுண்ணாம்பு, சாம்பல் தின்னத் தோன்றுவது உண்டு. உங்களுக்கோ உங்கள் தங்கைக்கோ அப்படி இருந்தால் ஒளிக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் அந்த ஆசையே போய்விடும். திட்டுவார்களோ என்று மறைத்தால்தான் ஆபத்து. மண்ணோடு புழு முட்டையும் வயிற்றுக்குள் போய், இருக்கும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

பசி வந்தால்...

இதுவரை பார்த்ததெல்லாம் ஆசைக்கும் பழக்கத்துக்கும் தின்றவை. வேறு வழியில்லாமல் தின்றவையும் உண்டு.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம். 50 லட்சம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள் என்கிறது கணக்கு. பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்து, மண் சுமந்த ஓர் ஆளுக்கு 1877இல் ஆங்கில அரசு கொடுக்கச் சொன்ன தானியம் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். அத்தோடு கொஞ்சம் சில்லறை. அது போதாது என்று அன்றைக்கே மருத்துவ அதிகாரிகள் சண்டை போட்டார்கள். அத்தனை பேர் பட்டினி கிடந்த நேரத்தில் கப்பலில் தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டும் இருந்தது!

1870இல் பாரிஸ் நகரை ஜெர்மானியப் படைகள் சூழ்ந்துகொண்டன. உள்ளே எதுவும் வரமுடியவில்லை. முதலில் குதிரை, பிறகு நாய், பூனை, எலி. கடைசியில் மிருகக்காட்சி சாலைக்கே வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஓர் ஓட்டலில் ஒட்டகம், கங்காரு, ஓநாய் இறைச்சி எல்லாம் பரிமாறினார்கள். பாரிஸ் குழந்தைகள் ஏறி விளையாடிய காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளும் தப்பவில்லை. ஓட்டலில் காசுள்ளவர்கள் யானை தின்றார்கள், இல்லாதவர்களுக்கு எலி.

இதையெல்லாம் விட என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது லெனின்கிராடு நகரத்தின் கதைதான். ரஷ்யாவில் இருக்கும் அந்த நகரத்தின் இன்றைய பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1941 செப்டம்பரில் ஹிட்லரின் படை அதை முற்றுகையிட்டது. 872 நாள்! அந்தக் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி மட்டும். அந்த ரொட்டியிலும் மாவோடு மரக்கூழைக் கலந்திருந்தார்கள். தோல் பெல்ட்டை வேகவைத்துத் தின்றார்கள். தச்சர்கள் மரம் ஒட்டும் பசையைக் காய்ச்சிக் கூழாக்கிக் குடித்தார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டி, அதன் பசையைத் தின்றார்கள்.

அதே நகரத்தில் ஒரு பெரிய கட்டடம். அதற்குள்ளே நெல், கோதுமை, சோளம், பயறு, நிலக்கடலை, உருளைக்கிழங்கு என்று லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள். நிக்கோலாய் வாவிலோவ் என்ற விஞ்ஞானி நாடு நாடாக அலைந்து சேர்த்தவை. எந்தப் பயிருக்கு எந்த நோய் வந்தாலும், எந்த நாட்டில் விதை அழிந்தாலும் மறுபடி முளைக்கவைக்க ஒரு கையிருப்பு வேண்டும் என்பது அவர் எண்ணம். முற்றுகை நடந்தபோது அவர் அங்கே இல்லை. 1940இலேயே ஸ்டாலின் அரசு அவரைச் சிறையில் போட்டிருந்தது. அவருடைய சகாக்கள்தான் கட்டடத்தைக் காத்தார்கள். ஜன்னல் உடைந்து பனி உள்ளே கொட்டியது. எலிகள் படையெடுத்தன. வெளியே ஜனங்கள் பசியில் விழுந்துகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கும் அதே 125 கிராம் ரொட்டிதான்.

அலமாரியைத் திறந்து ஒரு பிடி நெல்லைக் கஞ்சி வைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர்கள் வைக்கவில்லை. நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவில் பட்டினியால் இறந்தார். நிலக்கடலைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் ஷூகின் தன் மேஜையிலேயே இறந்துகிடந்தார். இப்படி ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வாவிலோவும் 1943 ஜனவரியில் சரடோவ் நகரச் சிறையில் சாப்பாடு இல்லாமல் மெலிந்து இறந்துபோனார். உலகத்துக்கே பசி வரக்கூடாது என்று விதை சேர்த்தவர்!

1944 ஜனவரி 27இல் முற்றுகை முடிந்தது. அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். இவானோவின் நெல்லும் ஷூகினின் நிலக்கடலையும் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அந்த விதைகளில் பலவற்றைப் போருக்குப் பிறகு விதைத்து, புதுப்புது ரகங்களை உருவாக்கினார்கள். அந்த நிலையம் இன்றைக்கும் அதே ஊரில் இருக்கிறது, வாவிலோவின் பெயரில்.